தரவுத்தள மீட்பு

தரவுத்தள மீட்பு என்பது தவறுதலாக அழிந்த பதிவுகளைக் காப்புப்பிரதி, பரிமாற்றப் பதிவேடு ஆகியவற்றைக் கொண்டு திரும்பப் பெறும் முறை. உறுதிசெய்யப்படாத அழிப்பை ‘ரோல்பேக்’ கட்டளையே ரத்துசெய்யும். உறுதியானபின், முழுக் காப்புப்பிரதியை ஏற்றி, பதிவேட்டை அழிப்புக்கு முந்தைய கணம்வரை இயக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளில் இதற்குப் பைனரி பதிவேடு பயன்படுகிறது. நகல் சேவையகம் காப்புப்பிரதி ஆகாது. அழிப்பும் வழக்கமாக அதில் உடனே படியும்.

காப்புப்பிரதி தவறினால் என்ன நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளக் கோப்புறை தவறுதலாக அழிக்கப்பட்டது. மென்பொருள் பதிப்பு முரணால் அன்றாடக் காப்பு முன்பே தோற்றிருந்தது. அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச்சேரவில்லை. சுமார் ஆறு மணிநேரம் முன்பு, வேறொரு தேவைக்காக எடுத்த பிரதியே கைகொடுத்தது. இடைப்பட்ட தரவு மீளவில்லை: ஏறத்தாழ 5,000 திட்டங்களும் 700 பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன.