அகில இந்திய வானொலி
இந்திய அரசு சார்ந்த ஒலிபரப்பு நிறுவனம்; ஆகாசவாணி என்றும் வழங்கும். 1927இல் பம்பாயில் தொடங்கிய தனியார் கம்பெனி நொடித்துப்போக, 1930இல் அரசு ஏற்றது. 1936இல் அகில இந்திய வானொலி என்ற பெயர் வந்தது. 1952இல் பொறுப்பேற்ற தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய இசையை வளர்க்கும் முனைப்பில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். நேயர்கள் திருந்தவில்லை, வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கொழும்பில் நிறுவப்பட்ட சிற்றலை ஒலிபரப்பிதான், அறிவிப்பாளர் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா என்ற இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியைப் பற்பசை விளம்பரத்தோடு இந்திய வீடுகளுக்குள் கொண்டுவந்தது. தோல்வியை வாய்விட்டு ஒப்புக்கொள்ளாமலே 1957இல் அரசு விவித் பாரதி என்ற பொழுதுபோக்கு ஒலிபரப்பைத் தொடங்கியது. 1967இல் அதில் விளம்பரமும் நுழைந்தது. அலைவரிசைகள் பொதுச்சொத்து என 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1997இல் நிறுவனம் தன்னாட்சி அமைப்பான பிரசார் பாரதியின்கீழ் வந்தது. ஆனாலும் தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க இன்னும் அனுமதி இல்லை.