வாய்ப்பாட்டில் ஒளிந்திருக்கும் கணிதக் கருத்து

நாகர்கோவில் நகரைச் சேர்ந்த வடசேரி, கோயில் நகைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒரு பொற்கொல்லர் தங்கத்தின் மதிப்பைக் கணக்கிடுகிறார் என்று கொள்வோம். கிராமின் விலை, எடை ஆகிய இரண்டு எண்கள் அவருக்குத் தேவை. ஆனால் அன்றைய விலை காலையில் தெரிந்துவிட்டால், அன்று முழுவதும் எடை ஒன்றே போதும். இரண்டு எண்களைக் கேட்ட கணக்கு, ஒரே எண்ணைக் கேட்கும் கணக்காக மாறிவிடுகிறது.

கணிதத்தில் இத்தகைய விதியைச் சார்பு என்பர். இரு மாறிகள் உள்ள சார்பில் ஒன்றை நிலைப்படுத்தி, ஒரே மாறியுள்ள புதிய சார்பைப் பெறலாம் என்பதே இங்கு அடங்கியுள்ள கருத்து.

நமக்கு இது புதிதன்று. முற்காலத் திண்ணைப் பள்ளிகளில் மாணவர்கள் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனனம் செய்தனர். ஏழாம் வாய்ப்பாடு என்பது என்ன? பெருக்கல் என்னும் சார்பில் ஏழை நிலைப்படுத்தியபின் எஞ்சுவதுதான். ஆயினும் நம் முன்னோர் இதை ஒரு கோட்பாடாக வகுத்தனர் என்று சொல்லிவிட முடியாது. ஒன்றைச் செய்து பழகுவது வேறு. செய்ததைத் தனியே பிரித்தெடுத்து ஆராய்வது வேறு.

அந்த ஆராய்ச்சி பிற்காலத்தில் ஐரோப்பாவில் நிகழ்ந்தது. ருஷ்யப் பேரரசில் பிறந்த மோசஸ் ஷோன்ஃபிங்கெல், 1920-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். 1924-இல் அது கட்டுரையாக வெளிவந்தது. பல மாறிகள் உள்ள சார்பை, ஒரு நேரத்தில் ஒரே மாறியை ஏற்கும் சார்புகளாக மாற்றி அமைக்கலாம் என்று அதில் அவர் காட்டினார். பின்னர் அமெரிக்கரான ஹஸ்கெல் கரி இத்துறையை விரிவாக வளர்த்தார். இன்று அம்முறை ‘கரியிங்’ என்று கரியின் பெயராலேயே வழங்குகிறது. வழிகாட்டியவர் பெயரோ பலருக்குத் தெரியாது!

கனடாவில் பிறந்த கென்னத் ஐவர்சன் 1962-இல் வெளியிட்ட நூலிலிருந்து ஏபிஎல் என்னும் கணிப்பொறி மொழி தோன்றியது. எண்வரிசை முழுவதையும் ஒரே குறியால் கையாள்வது அதன் சிறப்பு. 1990-இல் ரோஜர் ஹுயியுடன் சேர்ந்து அவர் ‘ஜே’ என்னும் மொழியை உருவாக்கினார். அதில் ஓர் எண்ணைச் சார்புடன் பிணைப்பதற்கென்றே ஒரு குறி உண்டு. பெருக்கலுடன் 7-ஐப் பிணைத்து, 1 2 3 4 என்ற வரிசையைக் கொடுத்தால், 7 14 21 28 என்று விடைகள் ஒருசேரக் கிடைக்கும். ஏழாம் வாய்ப்பாடேதான்!

ஆனால் எந்தப் பக்கம் பிணைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பெருக்கலில் வேறுபாடு இல்லை. கழித்தலில் உண்டு. 10-ஐ இடப்புறம் பிணைத்து 3-ஐக் கொடுத்தால் 10 − 3, அதாவது 7. வலப்புறம் பிணைத்தால் 3 − 10, அதாவது −7. அடுக்குகளிலும் இவ்வாறே. 2-ஐ இடப்புறம் பிணைத்து 5-ஐக் கொடுத்தால் 2⁵ = 32; வலப்புறம் பிணைத்தால் 5² = 25.

ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் புரட்டிய மடக்கை அட்டவணையை எண்ணிப் பாருங்கள். எண், அடிமானம் என்ற இரண்டில், அடிமானத்தை 10 என்று நிலைப்படுத்திப் பெற்ற பட்டியலே அது. இனி எந்த அட்டவணையைக் கண்டாலும், அதில் நிலைபெற்ற எண் எது, மாறும் எண் எது என்று கேளுங்கள். அதன் அமைப்பு உங்களுக்குத் தெளிவாகும்.