மாந்தையின் பீங்கான் ஓடுகள்

கையால் வண்ணந்தீட்டிய பழைய ஆங்கிலப் பீங்கான்களைத் திரட்டுவோர் பழுதற்ற கலத்தையே நாடுவர்; விரிசல் கண்டால் விலை குறையும். வரலாற்றாய்வின் அளவுகோல் வேறு.

மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலக் கரையிலுள்ள மாந்தையில், 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது. சீனக் கலவோடுகளும் மேற்காசியக் கலவோடுகளும் கிடைத்தன. இங்கிலாந்தில் பீங்கான் தொழில் வேரூன்றியது 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே. மாந்தைத் துறையோ 11ஆம் நூற்றாண்டளவிலேயே ஒடுங்கிவிட்டது. ஆகவே, இக்கரையின் கடல் வணிகத்தை ஐரோப்பியர் வருகையிலிருந்து தொடங்குதல் பொருந்தாது.

இதனை நாம் அறிவது ஓட்டின் அழகால் அன்று. அது கிடந்த மண்ணடுக்கால். அடுக்கே காலத்தைக் காட்டும். உடன்கிடந்தவை வணிகரையும் உழைத்தோரையும் காட்டும். போரால் இடைநின்ற அவ்வகழாய்வின் அறிக்கை 2013இலேயே நூலுருப் பெற்றது. அடுக்கினின்று பெயர்த்து விற்கப்படும் ஓடு, எத்துணை அழகியதாயினும், சான்றாகாது. திரட்டுதலினும் காத்தலே நம் கடன்.