நிலநடுக்கவியல்

நிலநடுக்கவியல் என்பது நிலநடுக்கங்களையும் அவை எழுப்பும் அதிர்வலைகளையும் ஆராயும் அறிவியல். புவி இயற்பியலின் ஒரு கிளை. நிலம் ஏன் நடுங்குகிறது, எங்கே நடுங்கும், எவ்வளவு வலுவாக நடுங்கும், எப்போது நடுங்கும் என்பவை இத்துறையின் அடிப்படைக் கேள்விகள். முதல் மூன்றுக்கும் கடந்த இரண்டரை நூற்றாண்டுகளில் பெருமளவு விடை கிடைத்திருக்கிறது. நான்காவதற்கு இல்லை. ஆனால், நிலநடுக்கத்தை அளக்கச் செய்த கருவிகள் யாரும் எதிர்பாராத வேறொன்றைத் தந்தன. மனிதன் தோண்டிய மிக ஆழமான துளையே சுமார் 12 கிலோமீட்டர்தான். பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இடைப்பட்ட ஆழங்களைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி நிலநடுக்க அலைகள் சொன்னவையே.

அடிப்படைகள்

பாறையில் நெடுங்காலமாகச் சேர்ந்த இறுக்கம் ஒரு பிளவின் வழியே திடீரென விடுபடும்போது நிலநடுக்கம் உண்டாகிறது. பூமிக்குள் அது தொடங்கும் இடம் குவியம்; அதற்கு நேர்மேலே தரையில் உள்ள இடம் மேல்மையம். குவியத்திலிருந்து இரண்டு வகை அலைகள் பூமிக்குள் பரவுகின்றன. முதன்மை அலை பாறையை அழுத்தியும் தளர்த்தியும் செல்வது. மேலோட்டில் வினாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகம் கொண்டது. இரண்டாம் நிலை அலை பாறையைப் பக்கவாட்டில் அசைப்பது. வேகம் ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர். இது திரவத்தில் பரவாது. இவற்றுக்குப் பின்னால் தரையை ஒட்டி வரும் மேற்பரப்பு அலைகள்தான் தொலைவில் உள்ள கட்டடங்களையும் உலுக்குகின்றன. முதல் இரண்டு அலைகளும் வந்து சேரும் நேர இடைவெளியிலிருந்து மேல்மையம் எவ்வளவு தொலைவு என்று கணக்கிடலாம். மூன்று நிலையங்களின் கணக்குகள் சேர்ந்தால் இடம் தெரிந்துவிடும்.

தொடக்ககாலம்

பூமியின் உட்குகைகளில் அடைபட்ட காற்று வெளியேற முட்டுவதே நிலநடுக்கம் என்றார் அரிஸ்டாட்டில். ஐரோப்பாவில் இக்கருத்து இரண்டாயிரம் ஆண்டுகள் நிலைத்தது. சீனாவில் ஹான் அரசவை அறிஞர் சாங் ஹெங், கி.பி. 132-இல் வெண்கலச் சாடி வடிவில் ஒரு கருவி செய்தார். சாடியைச் சுற்றி எட்டுத் திசைகளை நோக்கி எட்டு டிராகன் தலைகள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு குண்டு. கீழே வாய் பிளந்த தேரைகள். அதிர்ச்சி வந்தால் ஒரு குண்டு விழுந்து திசையைக் காட்டும். நடுக்கம் நேர்ந்ததை அது அறிவித்தது. அதன் அசைவைப் பதிவு செய்யவில்லை.

லிஸ்பனும் மாலெட்டும்

1755 நவம்பர் 1-ஆம் நாள் போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன் நிலநடுக்கத்தாலும் கடற்பேரலையாலும் தீயாலும் அழிந்தது. அமைச்சர் பொம்பால் நாட்டின் பங்குக் குருமார்கள் அனைவருக்கும் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினார். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் உள்வாங்கியதா பொங்கியதா, தரையில் பிளவு ஏற்பட்டதா, எத்தனை பேர் இறந்தனர் என்று அது கேட்டது. தெய்வச் சினத்தின் அடையாளமாகப் பேசப்பட்ட ஒரு பேரழிவிலிருந்து தரவு திரட்டும் முறை அங்கே பிறந்தது. 1760-இல் ஆங்கிலேயரான ஜான் மிட்செல், நிலநடுக்கம் என்பது பாறையின் மீள்தன்மையால் பரவும் அலை என்று எழுதினார்.

அந்த அலையின் வேகத்தை அளக்க முயன்றவர் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மாலெட். 1849-இல் டப்ளினுக்கு அருகே கில்லைனி கடற்கரை மணலில் வெடிமருந்தைப் புதைத்து வெடிக்கச் செய்தார். தொலைவில் ஒரு தட்டில் பாதரசத்தை வைத்து, அதில் விழுந்த பிம்பம் கலையும் கணத்தைக் கவனித்தார். மணலில் வினாடிக்குச் சுமார் 250 மீட்டர் என்று கணக்கு வந்தது. 1857 டிசம்பரில் தென் இத்தாலியில் நிலநடுக்கம் நேர்ந்ததும், லண்டன் ராயல் சொசைட்டியின் உதவியோடு அங்கே சென்றார். இடிந்த தேவாலயங்களின் சுவர் விரிசல்கள் எந்தக் கோணத்தில் ஓடின, தூண்கள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்று ஊர் ஊராகக் குறித்தார். அந்தத் திசைகளைப் பின்னோக்கி நீட்டி, அவை சந்திக்கும் இடத்தையே நடுக்கத்தின் மூலம் என்றார். அதன் ஆழம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் என்றும் மதிப்பிட்டார். முறை செம்மையற்றது என்றாலும், இடிபாடுகளைச் சான்றாகப் படிக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

கருவிகளின் காலம்

நவீன நிலநடுக்கமானி ஜப்பானில் உருவானது. மேஜி அரசு மேற்கிலிருந்து வரவழைத்த பேராசிரியர்களுள் ஜான் மில்ன், ஜேம்ஸ் யூவிங், தாமஸ் கிரே ஆகிய மூவர் இருந்தனர். 1880 பிப்ரவரியில் யோக்கோஹாமாவைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் அதே ஆண்டில் ஜப்பான் நிலநடுக்கவியல் கழகம் அமைந்தது. தரையோடு எல்லாமே ஆடும்போது ஆடாத ஒரு புள்ளி இருந்தால்தானே ஆட்டத்தை அளக்க முடியும்? தொங்கவிட்ட கனமான எடை, தன் நிலைமத்தால் ஓரளவு அசையாமல் நிற்கும். அந்த எடைக்கும் தரைக்கும் இடையிலான அசைவை ஓடும் காகிதத்திலோ புகைக்கரி பூசிய கண்ணாடியிலோ கீறச் செய்தனர்.

1889 ஏப்ரலில் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் எர்ன்ஸ்ட் ஃபான் ரெபோயர்-பாஷ்விட்ஸ் தன் நுண்ணிய ஊசலின் பதிவில் காரணம் தெரியாத ஒரு கலக்கத்தைக் கண்டார். அதே நாளில் ஜப்பானில் நிலநடுக்கம் நேர்ந்ததைப் பின்னர் ஓர் இதழில் படித்தார். ஒரு நாட்டின் நடுக்கத்தை உலகின் மறுபக்கத்தில் அளக்கலாம் என்பது அப்போது உறுதியானது. 1895-இல் இங்கிலாந்து திரும்பிய மில்ன், வைட் தீவிலிருந்து உலகளாவிய நிலையங்களின் வலையமைப்பை நடத்தினார். அவருடைய கருவிகள் கொல்கத்தாவின் அலிப்பூரிலும் மும்பையின் கொலாபாவிலும் கொடைக்கானலிலும் நிறுவப்பட்டன.

பூமியின் உட்புறம்

1897 ஜூன் 12-இல் அசாம், மேகாலயப் பகுதிகளை உலுக்கிய பெரும் நிலநடுக்கம் ஷில்லாங்கின் கல் கட்டடங்களைத் தரைமட்டமாக்கியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்டு ஓல்டாம் அதை ஆராய்ந்தார். கிடந்த இடத்திலிருந்து எகிறி வேறிடத்தில் விழுந்த பாறைகளைக் கண்டு, தரை புவியீர்ப்பையும் மீறிய முடுக்கத்தோடு எழும்பியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். தொலைதூர நிலையங்களின் பதிவுகளை ஆராய்ந்து, மூன்று வகை அலைகளை 1900-இல் வேறுபடுத்திக் காட்டினார். 1906-இல், பூமியின் நடுப்பகுதியைக் கடந்துவரும் அலைகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வருவதைச் சுட்டி, அங்கே வேறு தன்மையுள்ள ஒரு கருவம் உண்டு என்றார்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் பூமியின் அடுக்குகள் ஒவ்வொன்றாகத் தெளிவாயின. 1909-இல் குரோஷியாவின் ஆந்திரிய மொகொரோவிசிச் மேலோட்டுக்கும் அதன் கீழுள்ள கவசத்துக்கும் இடையிலான எல்லையைக் கண்டார். ஜெர்மனியின் பெனோ குட்டன்பர்க், கருவத்தின் எல்லை 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதைக் கணக்கிட்டார். 1926-இல் ஹெரால்டு ஜெஃப்ரீஸ் கருவம் திரவமே என்று நிறுவினார்.

திரவக் கருவம் அலைகளை வளைத்துவிடுவதால், முதன்மை அலைகள் எட்டாத ஒரு நிழல் வளையம் பூமியின் மறுபக்கத்தில் இருக்க வேண்டும். 1929-இல் நியூசிலாந்தில் நேர்ந்த நிலநடுக்கத்தின்போது அந்த நிழலுக்குள்ளும் மெல்லிய அலைகள் பதிவாகியிருந்தன. டென்மார்க்கின் இங்கே லேமன் அவற்றைப் புறக்கணிக்கவில்லை. அலைகள் வந்து சேர்ந்த நேரங்களை அட்டைகளில் எழுதி, ஓட்ஸ் வந்த காலி அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, வீட்டுத் தோட்டத்தில் அமர்ந்து ஒப்பிட்டதாக அவருடைய உறவினர் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார். திரவத்துக்குள்ளே இன்னொரு கருவம் இருந்து அலைகளைத் திருப்பிவிடுகிறது என்பது அவர் கண்ட விடை. 1936-இல் அதை வெளியிட்டார். அந்த உட்கருவம் திடமானது என்பது பின்னர் உறுதியானது.

காரணமும் அளவும்

நடுக்கத்தால் பிளவு உண்டாகிறதா, பிளவால் நடுக்கமா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. 1891-இல் ஜப்பானின் நோபி நிலநடுக்கத்துக்குப் பின் தரையில் தென்பட்ட நீண்ட பிளவை ஆராய்ந்த கோட்டோ புஞ்சிரோ, பிளவின் நகர்வே காரணம் என்றார். 1906 ஏப்ரல் 18-இல் சான் பிரான்சிஸ்கோவைத் தாக்கிய நிலநடுக்கம் அதற்கு விளக்கம் தந்தது. சான் ஆண்ட்ரியாஸ் பிளவு 400 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்துக்கு வழுக்கியிருந்தது. நகருக்கு வடக்கே ஒரே நேர்க்கோட்டில் இருந்த ஒரு வேலி, பிளவு கடந்த இடத்தில் அறுபட்டு, இரண்டரை மீட்டர் விலகி நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நில அளவைகளைப் புதிய அளவையோடு ஒப்பிட்ட ஹாரி ரீட், நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே பிளவின் இரு பக்கங்களும் எதிரெதிராக நகர்ந்து பாறையை வளைத்து வந்ததைக் கண்டார். தாங்கும் எல்லை மீறியதும் பாறை முறிந்து மீள்கிறது என்ற மீள்எழுச்சிக் கோட்பாட்டை 1910-இல் வெளியிட்டார்.

அளவைப் பொறுத்தவரை, சேதத்தைக் கொண்டு தீவிரத்தைத் தரப்படுத்தும் மெர்கல்லி அளவுகோல் 1902-இல் வந்தது. அது இடத்துக்கு இடம் மாறும். நிலநடுக்கத்துக்கென்று ஒரே எண்ணைத் தந்தது, கலிஃபோர்னியாவில் சார்லஸ் ரிக்டர் 1935-இல் வெளியிட்ட அளவுகோல். அதில் ஓர் எண் கூடினால் பதிவின் வீச்சு 10 மடங்கும், வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கும் கூடும். ஆனால் மிகப்பெரிய நிலநடுக்கங்களை அது குறைத்தே காட்டும். ஆகவே 1970-களின் இறுதியில் ஹிரூ கனமோரியும் தாமஸ் ஹாங்க்ஸும் பிளவின் பரப்பு, வழுக்கிய தொலைவு, பாறையின் விறைப்பு ஆகியவற்றிலிருந்து கணக்கிடும் திருப்புத்திறன் அளவை வகுத்தனர். செய்தித்தாள்கள் இன்றும் ரிக்டர் என்றே எழுதினாலும், பெரிய நிலநடுக்கங்களுக்குத் தரப்படும் எண் பெரும்பாலும் இதுதான். பதிவானவற்றுள் மிகப் பெரியது, 1960 மே 22-இல் சிலியில் நேர்ந்த 9.5 அளவு நிலநடுக்கம்.

அணுகுண்டும் புவித்தட்டுகளும்

நிலநடுக்கவியலுக்குப் பெரும் பணம் வந்தது பனிப்போரால். நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டறிய வேண்டி, 1960-களில் அமெரிக்கா ஒரே தரமான கருவிகளை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் நிறுவியது. டெல்லி, ஷில்லாங், புனே, கொடைக்கானல் நிலையங்களும் அதில் இடம்பெற்றன. குண்டைத் தேடிய வலையில் துல்லியமான நிலநடுக்க வரைபடம் சிக்கியது. நடுக்கங்கள் உலகெங்கும் சிதறிக் கிடக்காமல் குறுகிய பட்டைகளில் வரிசையாக நின்றன. ஜப்பானின் கியூ வடாட்டி 1928-இலேயே கண்டிருந்த ஆழமான நிலநடுக்கங்கள், கடற்தரை கண்டத்துக்குக் கீழே சரிந்து அமிழ்வதன் தடம் என்பது புரிந்தது. 1968-இல் ஐசக்ஸ், ஆலிவர், சைக்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை, பூமியின் மேற்புறம் நகரும் தட்டுகளால் ஆனது என்ற புவித்தட்டுக் கோட்பாட்டுக்கு நிலநடுக்கச் சான்றுகளைத் தொகுத்துத் தந்தது.

தட்டு எல்லையிலிருந்து விலகிய இடங்களும் விலக்கல்ல. 1967-இல் மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் நேர்ந்த நிலநடுக்கம், அணை நீர்த்தேக்கம் நடுக்கத்தைத் தூண்டக்கூடும் என்பதற்கு உலகறிந்த சான்று. 1993 செப்டம்பர் 30-இல் லாத்தூர் பகுதியின் கில்லாரி அழிந்தது, தீபகற்ப இந்தியா அசையாத நிலம் என்ற நம்பிக்கையைக் குலைத்தது.

முன்கணிப்பு

1975 பிப்ரவரியில் சீனாவின் ஹைசெங் நிலநடுக்கத்துக்கு முன் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அடுத்தடுத்து வந்த முன்னதிர்வுகள் அதற்கு முக்கிய காரணம். முன்கணிப்பு கைக்கு எட்டிவிட்டது என்ற நம்பிக்கை பரவியது. மறு ஆண்டு ஜூலையில் டாங்ஷான் நகரம் எந்த எச்சரிக்கையும் இன்றி அழிந்தது. அரசுக் கணக்கின்படியே 2,42,000 பேர் இறந்தனர். கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடுக்கம் வந்ததால், அடுத்தது 1993-க்குள் வரும் என்று கணித்துக் கருவிகளைக் குவித்தனர். அது 2004-இல் வந்தது. சுற்றியிருந்த கருவிகளில் நம்பத்தக்க முன்குறி எதுவும் பதிவாகவில்லை.

இதனால் நாள் குறிப்பதை விட்டு, நிகழ்தகவு சொல்வதற்கு ஆய்வாளர்கள் திரும்பினர். அதற்குப் பழைய நடுக்கங்களின் காலவரிசை வேண்டும். பிளவின் குறுக்கே பள்ளம் வெட்டி, குலைந்த மண் அடுக்குகளின் வயதை அளக்கின்றனர். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கடல்நீர் புகுந்து பட்டுப்போன மரங்களையும், ஜப்பானிய ஊர்ப் பதிவேடுகளில் நடுக்கமே இல்லாமல் வந்ததாகக் குறிக்கப்பட்ட கடற்பேரலையையும் பொருத்தி, 1700 ஜனவரி 26-இல் அமெரிக்கக் கரையில் ஏறத்தாழ 9 அளவு நிலநடுக்கம் நேர்ந்ததைக் கண்டறிந்தது இம்முறையின் பெரும் வெற்றி.

எச்சரிக்கை

நடுக்கம் தொடங்கியபின் அதன் அலைகளை முந்திச் செய்தி அனுப்ப முடியும். வேகமான முதன்மை அலையை அருகிலுள்ள கருவி பிடித்ததும், வலுவான அலைகள் சேருமுன் தொலைவிலுள்ள ஊர்களுக்குச் சில வினாடிகள் கிடைக்கின்றன. மெக்சிகோ 1991-இலும், நாடு முழுவதற்குமாக ஜப்பான் 2007-இலும் இதைத் தொடங்கின.

விரைவுக்கும் விலை உண்டு: அவசரமாகக் கணக்கிடும் அளவு குறைவாக வந்துவிடலாம். 2004 டிசம்பர் 26 காலை, இந்திய நேரப்படி சுமார் 6.30 மணிக்கு, சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய முறிவு அந்தமானை நோக்கிச் சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. பசிபிக் சுனாமி மையத்தின் முதல் மதிப்பீடு 8.0 மட்டுமே, உண்மை அளவு 9.1 அல்லது அதற்கும் மேல். இலங்கையின் கிழக்குக் கரைக்கும் தமிழகக் கரைக்கும் அலை வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரமோ அதற்கும் மேலோ ஆனது. ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பே இல்லாததால் அந்த நேரம் வீணானது. 2007-இல் ஹைதராபாத்தில் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2011 மார்ச் 11-இல் ஜப்பானிலும் முதல் மதிப்பீடு 7.9 என்றே வந்தது, உண்மை 9.0. ஃபுக்குஷிமா, இவாத்தே கரைகளுக்கு 3 மீட்டர் அலை என்று அறிவித்த முதல் எச்சரிக்கையை அலை பல மடங்கு மீறியது. அதன்பின், மிகப்பெரிய நடுக்கங்களின்போது முதல் அறிவிப்பில் உயரத்தை எண்ணால் சொல்லாமல் 'மிகப் பெரியது' என்று அறிவிக்கும் முறையை ஜப்பான் ஏற்றது.

இன்றைய நிலை

செயற்கைக்கோள் அளவைகள் தட்டுகளின் நகர்வை மில்லிமீட்டர் அளவில் காட்டுகின்றன. நடுக்கமே உணராதபடி வாரக்கணக்கில் நிகழும் மெதுவான வழுக்கல்கள் அவற்றால்தான் தெரியவந்தன. தரையடி ஒளியிழை வடங்களே அதிர்வுமானிகளாகப் பயன்படுகின்றன. 2018-இல் செவ்வாயில் இறங்கிய இன்சைட் கலம் அங்கும் நடுக்கங்களைப் பதிவு செய்தது.

இத்துறையின் கண்டுபிடிப்புகள் உயிர் காக்கும் வடிவம் பெறுவது கட்டட விதிகளில். இந்தியாவின் நிலநடுக்கக் கட்டட நெறி 1962-இல் முதலில் வெளியானது. பெரிய நடுக்கங்கள் சிலவற்றுக்குப் பின் அதன் மண்டல வரைபடம் திருத்தப்பட்டது. கில்லாரியின் அனுபவத்துக்குப் பின் வந்த 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. நாள் சொல்ல முடியாத ஓர் அறிவியல், எந்த ஊரில் எவ்வளவு வலுவாகக் கட்ட வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். அந்த விதி வரைபடத்தோடு நிற்கிறதா, தூணுக்குள் செல்லும் கம்பிவரை போகிறதா என்பது பொறியாளரையும் உள்ளாட்சியையும் வீடு கட்டுவோரையும் பொறுத்தது.