கரண்ட் போன இரவுகள்

இலங்கைக்கு டிவி வந்தது 1979இல், ரூபவாஹினி 1982இல். அப்பவும் "எந்த நேரமும் டிவி" என்று பெரியவங்க ஏசியிருப்பாங்க. ஆனா அந்தப் பெட்டி ஹோல் மூலையோடு நின்றது, படுக்கைக்குக் கூடவே வரவில்லை.

கையில் போன் வந்த கதை வேறு. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வாட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தன. கடன்பட்டாவது போன் வாங்கித் தந்தது நம்ம வாப்பா உம்மாதான். இப்போ "போனை வை" என்று பிள்ளைக்கு மட்டும் ஏசுவது அநியாயம் இல்லையா?

2022ஐ நினைச்சுப் பாருங்க. நாட்டுக்கே கரண்ட் அனுப்பும் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் நம்ம நுரைச்சோலைக் கடற்கரையில்தான் நிற்குது. ஆனாலும் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கேஸ் வரிசையும் பால்மாத் தட்டுப்பாடும் சேர்ந்த காலம், அதை நாங்கள் கொண்டாட மாட்டோம். ஆனா போன் சார்ஜ் செத்த இரவுகளில் பிள்ளைகளோடு பெரியவங்களும் முற்றத்துக்கு வந்தார்கள். மணலில் கோடு கீறி கிளித்தட்டு விளையாடினோம். உம்மா இப்படி ஓடுவா என்று அன்றைக்குத்தான் கண்டோம்.

கரண்ட் வந்ததும் முதலில் உள்ளே போனது பெரியவங்கதான், செய்தி பார்க்க. பிள்ளைகள் கோட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவங்களும் போனாங்க.