கணினிப் பெட்டி அமைத்தல்

கணினிப் பெட்டி அமைத்தல் என்பது மேசைக் கணினியின் தாய்ப்பலகை, மின்வழங்கி, வன்தட்டு முதலிய உறுப்புகளைத் தாங்கும் பெட்டியை ஆயத்தமாக வாங்காது, வீட்டுப் பட்டறையில் தேவைக்கேற்பச் செய்துகொள்வதைக் குறிக்கும். கணினிப் பெட்டிக்கு நான்கு பணிகள் உள்ளன. அவை: உறுப்புகளைத் தாங்குதல், வெப்பத்தை வெளியேற்றுதல், மின்னதிர்ச்சியிலிருந்து காத்தல், மின்காந்தக் குறுக்கீட்டைக் குறைத்தல். பின்னிரு பணிகளும் கண்ணுக்குப் புலப்படாதவை. ஆதலால் பெட்டியை வடிவமைக்கும்போது இவை எளிதில் மறக்கப்படக்கூடும்.

வரலாறு

1976 இல் வெளிவந்த ஆப்பிள் 1 கணினி, பெட்டியின்றிப் பொருத்தப்பட்ட மின்சுற்றுப் பலகையாகவே விற்கப்பட்டது. வாங்கியோர் சிலர் அதற்கு மரப்பெட்டி செய்துகொண்டனர். 1996 இல் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேச்சு, செர்கே பிரின் ஆகியோர் தம் தேடுபொறி ஆய்வுக்காகப் பத்து 4 கிகாபைட்டு வன்தட்டுகளை விளையாட்டுக் கட்டைகளால் ஆன கூட்டில் அடுக்கிப் பயன்படுத்தினர். இத்தேடுபொறியே பின்னர் கூகுள் ஆயிற்று.

அளவுத் தரங்கள்

இன்டெல் நிறுவனம் 1995 இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ் தரம், தாய்ப்பலகையின் அளவையும் திருகாணித் துளைகளின் இடங்களையும் வரையறுத்தது. வெவ்வேறு நிறுவனங்களின் பலகைகள் ஒரே பெட்டியில் பொருந்துவதற்கு இதுவே காரணம். வீட்டில் செய்யும் பெட்டியும் இவ்வளவுகளைப் பின்பற்றினால், பிற்காலத்தில் பலகையை மாற்றினாலும் பெட்டி பயன்படும். முக்கிய அளவுகள் வருமாறு:

* ஏ.டி.எக்ஸ் தாய்ப்பலகை: 305 × 244 மி.மீ
* மைக்ரோ ஏ.டி.எக்ஸ்: 244 × 244 மி.மீ
* மினி ஐ.டி.எக்ஸ்: 170 × 170 மி.மீ
* பின்புற இணைப்பிகளுக்கான திறப்பு: 158.75 × 44.45 மி.மீ
* விரிவாக்க அட்டைகளுக்கு இடையிலான தொலைவு: 20.32 மி.மீ
* ஏ.டி.எக்ஸ் மின்வழங்கியின் பின்முகம்: 150 × 86 மி.மீ
* 120 மி.மீ விசிறியின் திருகாணித் துளை இடைவெளி: 105 மி.மீ

மூலப்பொருட்கள்

அலுமினியத் தகடு கைக்கருவிகளால் எளிதில் வெட்டவும் வளைக்கவும் கூடியது. எஃகுத் தகடு உறுதியானது. ஆயினும் வெட்டுவது கடினம். ஒட்டுப்பலகை மலிவானது, அதிர்வொலியைக் குறைக்கும். அக்ரிலிக் தகட்டை விரைந்து துளைத்தால் அது வெடிக்கும்.

மரம் வெப்பத்தை அரிதாகவே கடத்தும். எனினும் கணினியின் வெப்பம் பெரும்பாலும் சுவர்கள் வழியாக அன்றி, விசிறிகள் தள்ளும் காற்றின் வழியாகவே வெளியேறுகிறது. எனவே காற்றோட்டம் சரியாக அமைந்தால் மரப்பெட்டியும் போதுமானது.

செய்முறை

முதலில் உறுப்புகளைத் தேர்ந்து, வரைகலை அட்டையின் நீளத்தையும் செயலிக் குளிர்விப்பானின் உயரத்தையும் அளந்துகொள்ள வேண்டும். பின் தடித்த காகித அட்டையில் முழு அளவு மாதிரி செய்து, வடங்கள் வளைவதற்கு இடமுள்ளதா என்று பார்ப்பது நன்று.

பெட்டியில் மிகு துல்லியம் வேண்டும் பகுதிகள் தாய்ப்பலகை அமரும் தகடும், பின்முகமும் ஆகும். ஒரு மி.மீ பிழையும் விரிவாக்க அட்டையைச் சாய்த்துவிடும். எனவே பழைய பெட்டியொன்றிலிருந்து இவ்விரு பகுதிகளையும் கழற்றி எடுத்து, எஞ்சிய கூட்டை மட்டும் புதிதாகச் செய்யலாம்.

தாய்ப்பலகையைப் பித்தளைத் தாங்கிகளின் மேல் உயர்த்திப் பொருத்த வேண்டும். பலகையில் துளை உள்ள இடங்களில் மட்டுமே தாங்கிகள் இருக்கலாம். மிகையான தாங்கி ஒன்று பலகையின் அடிப்பக்கப் பற்றாசைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுப் பலகை பழுதாகலாம். வெட்டிய விளிம்புகளை அரத்தால் தேய்த்து, உலோகத் துகள்களை முற்றாக அகற்றிய பின்னரே உறுப்புகளைப் பொருத்த வேண்டும்.

காற்றோட்டம்

பொதுவாகக் குளிர்ந்த காற்று முன்புறம் கீழிருந்து உள்ளே வந்து, பின்புறம் மேல்பகுதி வழியாக வெளியேறுமாறு விசிறிகள் அமைக்கப்படும். வடிகட்டியுடன் உட்செலுத்தும் காற்று வெளியேற்றப்படும் காற்றைவிடச் சற்று மிகுந்திருந்தால், இடுக்குகள் வழியே தூசி புகுவது குறையும்.

நில இணைப்பும் பாதுகாப்பும்

மின்வழங்கிக்குள் 230 வோல்ட்டு மின்சாரம் நுழைகிறது. அதன் உலோக உறை, மூன்று முனைச் செருகியின் வழியாக நிலத்துடன் இணைந்துள்ளது. உலோகப் பெட்டியில் மின்வழங்கியைத் திருகும்போது பெட்டியும் நில இணைப்புப் பெறுகிறது. வண்ணப்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலால் தொடும் இடங்களில் அதைச் சுரண்டிவிட வேண்டும். கீல் கதவுகளைக் கம்பியால் உடலுடன் இணைக்க வேண்டும்.

மரம் அல்லது அக்ரிலிக் பெட்டியில் இவ்விணைப்புத் தானாக அமைவதில்லை. தாய்ப்பலகையின் அடியில் உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தி, அதை மின்வழங்கியின் உறையுடன் இணைப்பது இதற்குரிய வழியாகும். இருப்பினும் உலோகச் சுவர்கள் தரும் மின்காந்தத் தடுப்பை இது முழுமையாக ஈடுசெய்யாது.

மின்சாரம் தருமுன், செருகியைக் கழற்றிய நிலையில், அதன் நில முனைக்கும் பெட்டியின் ஒவ்வோர் உலோகப் பகுதிக்கும் இடையிலான மின்தடையைப் பல்மானியால் அளக்க வேண்டும். அது சுழியத்தை அண்மித்திருத்தல் வேண்டும். மின்வழங்கியின் உறையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறத்தல் ஆகாது. அதிலுள்ள மின்தேக்கிகள் செருகியைக் கழற்றிய பின்னரும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

* தாய்ப்பலகை
* மின்வழங்கி
* நில இணைப்பு