கந்தளாய்: குளமும் சீனி ஆலையும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதுறவங்க எண்ணெய்க் குதங்களையும் கடற்படையையும் விட மாட்டாங்க. அந்த நகரம் குடிக்கிற தண்ணி எங்கிருந்து வருகுது என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுறதில்லை. தென்மேற்கே கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற கந்தளாய்க் குளம்தான் அது. இந்த முறை நாங்கள் அந்தக் குளத்தையும் அதை நம்பி வந்த ஒரு கம்பனி ஊரையும் பற்றி எழுதுகிறோம்.

குளத்தை 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டினான் என்பது சூளவம்ச மரபு. கோணேசர் கல்வெட்டு குளக்கோட்டனைச் சொல்லுது. யார் கட்டினது என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிறோம். ஆனால் கோணேசர் கல்வெட்டில் இன்னொரு விசயம் இருக்கு. அங்கே குளத்தோடு தம்பலகாமத்து வயலும், கோயிலும், யார் எந்த ஊழியம் செய்ய வேண்டும் என்ற ஒழுங்கும் சேர்ந்தே வருகின்றன. தண்ணி எடுப்பவனுக்குக் கடமையும் உண்டு என்பதுதான் அதன் பொருள்.

பாழடைந்து கிடந்த குளத்தைப் பிரித்தானியர் 1870களில் திருத்தினார்கள். 1950களில் கட்டு உயர்த்தப்பட்டது, புதுக் குடியேற்றங்கள் வந்தன, மாவட்டத்தின் இனக் கணக்கும் மாறத் தொடங்கியது. 1957இல் சீனிக் கூட்டுத்தாபனம் உருவானது. செக்கோசிலோவாக்கிய உதவியோடு 1960இல் கந்தளாய் ஆலை ஓடத் தொடங்கியது. கரும்புக்குத் தண்ணி நிறைய வேணும். குளம் இருந்தபடியால்தான் ஆலை இங்கே வந்தது. ஆலையைச் சுற்றி வளர்ந்த பகுதிக்குப் பெயரே சீனிபுர.

ஆக, நெல், கரும்பு, நகரத்துக் குழாய் என்று மூன்று பக்கமும் அதே குளத்தில் இருந்து எடுத்தது. கட்டை யார் பார்த்தது?

1986 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை 3 மணியளவில் கட்டு உடைஞ்சது. 100 பேருக்கு மேல் செத்துப்போனாங்க. ஏறத்தாழ 1,600 வீடுகளும் 2,000 ஏக்கர் நெல் வயலும் அழிந்தன. கட்டின் மேலால் பாரமான வாகனங்கள் ஓடியது முக்கிய காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. மண்ணால் கட்டின கட்டை நாங்கள் றோட்டாகவும் பாவித்திருக்கிறோம்.

குளத்தைத் திரும்பக் கட்டினார்கள். ஆலை அப்படி நிலைக்கவில்லை, 1993இல் மூடப்பட்டது. 30 வருசம் சொச்சம்தான் அதன் ஆயுள். தனியாரோடு சேர்ந்து திறக்கப் போகிறோம் என்ற பேச்சு அதுக்குப் பிறகு பலமுறை வந்துபோனது. ஒவ்வொரு முறையும் வேலைவாய்ப்பு பற்றியும் சீனி இறக்குமதிச் செலவு பற்றியும் பேசுறாங்க. இரண்டுமே தேவையான பேச்சுத்தான், வேலை இழந்த குடும்பங்களுக்கு அது வெறும் பழங்கதை இல்லை.

ஆனாலும் அடுத்த முறை ஒரு கம்பனி வரும்போது நாங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. சிறுபோகத்தில் குளம் வற்றினால் யாருடைய பங்கு முதலில் வெட்டுப்படும்? கட்டைப் பராமரிக்கிற செலவில் கம்பனியின் பங்கு எவ்வளவு? குளக்கோட்டன் பெயரிலும் அக்கபோதி பெயரிலும் உரிமை கேட்கிற எங்களுக்கு, இந்தக் கணக்கைக் கேட்கிற உரிமையும் இருக்குத்தானே.